சிறு உணவு உற்பத்தியாளர் நெருக்கடியிலிருந்து மீள்வது எப்படி: கொள்வனவில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கில் சத்துமா, முறுக்கு, கச்சான் அல்வா, பயற்றம் பணியாரம் போன்றவற்றைச் சில பணியாளர்களோடு தயாரித்து விற்கும் சிறு தொழிலகங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அந்த அடியைத் தாங்கி நின்றும் பழைய அளவுக்குத் திரும்ப முடியாமல் தவிக்கும் தொழிலகங்களே இங்கு கருதப்படுகின்றன.

மீள முயல்வோர் பெரும்பாலும் முதலில் முகநூல் பக்கம் ஒன்றைத் திறக்கிறார்கள். ஒவ்வொரு பைக்கற்றிலும் சில ரூபாய் நட்டம் இருக்கும்போது விற்பனையைக் கூட்டுவது நட்டத்தைக் கூட்டுவதாகவே முடியும். ஆகவே இங்கு கைப்பேசி முதலில் கணக்குக்கும் கொள்வனவுக்கும் பயன்படுகிறது. விற்பனை கடைசியில் வருகிறது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் வர்த்தக அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்வையிட்ட உற்பத்தியிடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வங்கியில் வணிகருக்கான கியூஆர் குறியீட்டைக் கேட்கும்போதும், பெரிய கடையொன்று சரக்கை எடுக்க முன்வரும்போதும் இவற்றையே முதலில் கேட்பார்கள். வாய்ப்பு வந்த பிறகு ஓடுவதில் மாதங்கள் போய்விடும்.

தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கும், தனிக் கைப்பேசி இலக்கமும் தேவை. உரிமையாளரின் சொந்த இலக்கத்திலேயே எல்லாவற்றையும் நடத்தினால், அவர் ஒரு வாரம் நோயில் படுத்தாலும் கட்டளைகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசும், மூட்டை நிறுக்கும் தராசும் அவசியம். தானிய ஈரப்பதமானி விலை கூடியது. தொடக்கத்தில் அருகிலுள்ள நெல் ஆலையில் கேட்டு அளந்துகொள்ளலாம். இவற்றோடு, கடந்த மூன்று மாதக் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளை ஓரிடத்தில் சேருங்கள். பற்றுச்சீட்டு இல்லாத கொள்வனவுகளை நினைவிலிருந்தாவது எழுதி, அவற்றுக்கு எதிரே ஓர் அடையாளம் இடுங்கள். அடையாளமிட்ட வரிகள் பாதிக்கு மேல் இருந்தால், ஒரு மாதம் பற்றுச்சீட்டுடன் வாங்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

2. உண்மையான அடக்கவிலையை ஒரே தாளில் கொண்டுவருதல்

கணக்குக்கென விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்புத் திறந்து, ஒரு பொருளுக்கு ஒரு தாள் என வைத்துக்கொண்டால் போதும். கோப்பை இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி முன்கூட்டியே கைப்பேசியில் அமைத்துவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, இணையத்தை மட்டும் நம்பியிருந்த கணக்கு எதுவும் உதவவில்லை.

தாளில் எழுத வேண்டிய நிரல்கள் இவை: மூலப்பொருள், வாங்கிய திகதி, வாங்கிய அளவு, கொடுத்த மொத்தப் பணம், ஏற்றுகூலி, கழிவுக்குப் பின் கையில் நின்ற அளவு. கடைசி நிரலைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மற்ற நிரல்கள் எல்லாம் தவறான விடையையே தரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தானியமொன்றைக் கிலோ 400 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். புடைத்துக் கல் நீக்கும்போது 6 சதவீதமும், வறுக்கும்போது 8 சதவீதமும், அரைக்கும்போது 2 சதவீதமும் குறைகின்றன. வாங்கிய ஒரு கிலோவில் ஏறத்தாழ 848 கிராம் மாதான் கையில் நிற்கும். ஆகவே ஒரு கிலோ மாவின் மூலப்பொருள் விலை 400 ரூபாயாக இராமல் ஏறத்தாழ 472 ரூபாயாகும். இங்கு தந்த சதவீதங்கள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்களுடையதை நீங்களே நிறுத்து எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தராசில் வைத்து, தராசின் எண் தெரியும்படி ஒரு படமெடுத்து வைத்தால் பின்னர் தகராறு வராது.

எண்ணெயில் பொரிக்கும் பொருளுக்கு வேறொரு கணக்கு உண்டு. பொரிக்கும் முன்னும் பின்னும் சட்டியிலுள்ள எண்ணெயை நிறுத்துப் பார்த்தாலன்றி, ஒரு கிலோ முறுக்கு எவ்வளவு எண்ணெயைக் குடிக்கிறது என்பது தெரியாது. முறுக்குச் செய்வோரின் இலாபம் ஓசையின்றி வடிந்து போகும் இடம் இதுவே என்பது என் கணிப்பு.

வற் வரியையும் மறக்கக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல் அது 18 சதவீதம். வற் வரிக்குப் பதிவு செய்யாத சிறு உற்பத்தியாளர் தான் வாங்கும்போது செலுத்திய வரியை மீளப் பெற முடியாது. ஆகவே பொதியிடும் பொருள் முதலானவற்றின் வரியில்லாத விலையை எழுதாமல், கையிலிருந்து போன முழுத் தொகையையும் எழுதுங்கள்.

கூலியில் வீட்டாரின் உழைப்பையும் சேருங்கள். மனைவியும் மாமியாரும் பொதி கட்டுவதற்குச் சம்பளம் இல்லை என்பதால் அதைப் பூச்சியமாக எழுதினால், கட்டளை கூடி வெளியாள் ஒருவரை அமர்த்தும் நாளில் விலை போதாமல் போகும்.

3. டொலரோடு கட்டப்பட்ட செலவுகளைப் பிரித்தல்

தாள் நிரம்பியதும் ஒவ்வொரு மூலப்பொருளின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறியை இடுங்கள். இறக்குமதியாகும் பொருள் ஒன்று. உள்ளூரில் கிடைத்தாலும் விலை டொலரோடு அசையும் பொருள் இரண்டு. பெரும்பாலும் உள்ளூர் விளைச்சலோடு அசையும் பொருள் மூன்று.

கோதுமை மா முதல் வகை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. மா இங்கே அரைக்கப்பட்டாலும் தானியம் கப்பலில்தான் வருகிறது. சமையல் எரிவாயுவும் பெரும்பாலும் இறக்குமதியாவதால் முதல் வகையே. உள்ளூரில் செய்த பொதியிடும் பிளாஸ்ரிக் தாள் இரண்டாம் வகை. அரிசி, உளுந்து, பயறு, குரக்கன், எள்ளு, கச்சான், ஒடியல் மா ஆகியவை உள்ளூர் விளைச்சலாக இருக்கும்வரை மூன்றாம் வகை. கடையில் வாங்கும் பயறோ உளுந்தோ எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மூன்றாம் குறியை இட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் வகையும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்தத் தடை நவம்பரில் விலக்கப்பட்டாலும், அடுத்து வந்த பெரும்போகத்தின் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. உழவு இயந்திரத்துக்கு டீசலும் வேண்டும். எனவே இந்தப் பிரிப்பின் நோக்கம் இறக்குமதியை முற்றாக ஒழிப்பதாக இருக்கக் கூடாது. எல்லாச் செலவும் ஒரே நாளில் ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதுமான நோக்கம்.

ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையிலும் முதலிரு வகைகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று தாளே கணக்கிடும்படி ஒரு கூட்டல் வரியைச் சேருங்கள். அந்தப் பங்கு அதிகமாக உள்ள பொருளே அடுத்த படிக்குரிய முதற் பொருள்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்

யாழ்ப்பாணத்து முறுக்கில் அவித்த கோதுமை மாவும் உளுத்தம் மாவும் சேர்வது வழக்கம். கோதுமையின் ஒரு பகுதியை அரிசி மாவால் மாற்ற நினைத்தால், முதலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றி இரண்டு கிலோ அளவில் செய்து பாருங்கள். அதே நாளில் எண்ணெயையும் உளுந்தின் அளவையும் மாற்றினால், முறுக்கு கடினமானது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பரிசோதனையிலும் மாவின் கலவை, ஊற்றிய நீர், குடித்த எண்ணெய், கிடைத்த நிறை, உடைந்த துண்டுகளின் நிறை ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். புது நெல்லின் அரிசிக்கும் நாள்பட்ட அரிசிக்கும் நீர் பிடிக்கும் தன்மை வேறுபடும். ஆகவே அரிசி எந்தப் போகத்தினது என்பதையும் குறிக்க வேண்டும். இதைக் குறிக்காதவர்கள் ஆறு மாதம் கழித்து ‘அதே அளவுதான் போட்டேன், பதம் வரவில்லை’ என்று கூலியாளைக் கடிந்துகொள்வார்கள்.

பாண், பணிஸ் செய்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கோதுமையிலுள்ள பசைப் புரதம் அரிசியிலோ குரக்கனிலோ இல்லை. அளவு கூடினால் மா எழும்பாது. முழுமையாக மாற்ற முயல்வதைவிட, எழும்பத் தேவையில்லாத பொருள்களை உற்பத்தியில் கூட்டுவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஒடியல் மா மலிவு என்று சத்துமாவில் அள்ளிப் போடுபவர்களும் உண்டு. அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கின் மா என்பதால் அதற்குக் கசப்பு உண்டு. கூழுக்கு நீரில் ஊறவைத்து வடிப்பது அதனால்தான். பனம் பொருள்களில் பழகாத வாடிக்கையாளர் அந்தக் கசப்பைப் பழுது என்றே எண்ணுவார்.

பொதியிடும் தாளை மாற்ற அவசரப்பட வேண்டாம். பனையோலைப் பெட்டி அன்பளிப்புப் பொதிக்கு அழகு. ஆனால் ஈரத்தையும் காற்றையும் தடுக்கும் வேலையை அது செய்யாது. உள்ளே அடைக்கும் தாள் இறக்குமதியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கலவை சரி என்று தோன்றியதும் பத்துப் பைக்கற்றுகளை முழுமையாகப் பொதியிட்டு, கடையில் இருக்கும் அதே வெப்பத்தில் வைத்து, வாரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். காலாவதித் திகதியைப் பழைய பொருளிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவது ஆபத்து. இந்தப் பரிசோதனை வாரக்கணக்கில் நீளும் என்பதால், அடுத்த படியை அதனோடு கூடவே தொடங்கிவிடலாம்.

5. வழங்குநரைத் தேடுதலும் உடன்பாடும்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல்லும், முல்லைத்தீவில் கச்சானும், வவுனியாவில் உளுந்தும் எள்ளும் தேடலாம். தனித்தனி வீடாகச் சென்று விசாரிப்பதைவிட, அந்தந்தப் பகுதிக் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் முதலில் சந்திப்பது பயனுள்ளது. எந்தக் கமக்கார அமைப்பு எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் போட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒடியல், பனங்கட்டி போன்றவற்றுக்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை நாடலாம்.

விதைக்கும் முன்னர் பேசுங்கள். அறுவடைக்குப் பின் சென்றால் நல்ல சரக்கு ஏற்கெனவே மொத்த வியாபாரியிடம் போயிருக்கும். அதுவும் பெரும்பாலும் அவர் முன்பணம் கொடுத்த சரக்கு.

பேச்சு எப்போதும் கிலோவில் இருக்க வேண்டும். மூட்டை என்பதன் நிறை ஆளுக்கு ஆள் மாறும். வடபகுதிச் சந்தைகளில் கழிவு என்ற பெயரில் விவசாயியின் சரக்கில் 10 சதவீதத்தைக் கழிக்கும் வழக்கத்துக்கு நெடுங்காலமாக எதிர்ப்பு உண்டு. கழிவு இல்லாமல், நிறுத்த நிறைக்கு முழுப் பணம் தருவதாக நீங்கள் சொன்னால், சந்தையை விடச் சிறிதும் கூட்டிக் கொடுக்காமலே நல்ல வழங்குநர் நிலைத்திருப்பார்.

நிலையான ஒரே விலையில் உடன்படுவது அநேகமாக முறிந்துபோகிறது. சந்தை ஏறினால் விவசாயி வெளியே விற்பார். இறங்கினால் வாங்குபவர் பின்வாங்குவார். ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் வைத்து, அவற்றுக்கிடையில் ஒப்படைக்கும் நாளின் சந்தை விலை என்று உடன்படுங்கள். சந்தை விலைக்கு இருவரும் ஏற்கும் ஒரு மூலம் வேண்டும்: மத்திய வங்கியின் தினசரி விலை அறிக்கையையோ, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வெளியிடும் விலைகளையோ கைப்பேசியிலேயே பார்க்கலாம். உங்கள் பொருள் அவற்றில் இல்லையென்றால், இருவருக்கும் தெரிந்த ஒரு சந்தையைப் பெயர் சொல்லிக் குறியுங்கள்.

வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி முடிப்பது வழக்கமாகிவிட்டது. பேசட்டும், ஆனால் பேசிய பின் அளவு, தரம், விலை எல்லை, ஒப்படைக்கும் வாரம், பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் எழுத்தில் அனுப்பி, ‘சரி’ என்ற மறுமொழியைப் பெறுங்கள். குரல் செய்தியைத் தேடி எடுப்பது கடினம். எழுத்தை ஒரு சொல்லால் தேடிவிடலாம்.

முன்பணம் கேட்பார்கள். கொடுப்பதானால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்; அதையும் ஒரே ஆளிடம் குவிக்க வேண்டாம். முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மாவட்டங்களில் ஒவ்வொரு வழங்குநரும், அவசரத்துக்கு ஒரு மொத்த வியாபாரியும் இருக்க வேண்டும். உள்ளூர்க் கொள்வனவில் பற்று மிகுந்த சிலர் மொத்த வியாபாரியோடு பேச்சையே முறித்துக்கொள்கிறார்கள். வடகீழ்ப் பருவமழை வயலை மூடும் ஆண்டில் முதலில் தட்ட வேண்டிய கதவு அவருடையதே.

6. பருவத்தில் வாங்கிச் சேமித்தல்

அறுவடைக் காலத்தில் விலை இறங்கும் என்பதற்காக ஆண்டு முழுதுக்கும் வாங்கிக் குவிக்க ஆசை வரும். அதற்கு முன் இரண்டைக் கணக்கிட வேண்டும்.

முதலாவது ஈரம். நெல் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழ் இருந்தால்தான் சேமிப்பில் நிற்கும். கச்சானை அதைவிடக் கூடுதலாகக் காயவைக்க வேண்டும். பருப்பின் ஈரம் 7 முதல் 8 சதவீதத்துக்குள் வராவிட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளரொக்சின் எனும் நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுமையாக நீங்காது. நிறம் மாறிய, சுருங்கிய பருப்பை மலிவு விலைக்கு வாங்கி அல்வாவுக்குள் மறைப்பது பெருங்குற்றம்.

இரண்டாவது பணத்தின் விலை. 2022 இறுதியில் வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளருக்கு வழங்கிய கடனின் சராசரி வட்டியே 27 சதவீதத்தை எட்டியிருந்தது. அப்படிப்பட்ட வட்டியில் கடனெடுத்து ஆறு மாதச் சரக்கை வைத்தால், வட்டி மட்டுமே சரக்கின் விலையில் ஏழில் ஒரு பங்கை நெருங்கும். பருவத்துக்கும் பருவம் அற்ற காலத்துக்கும் இடையிலான விலை வேறுபாடு அதைவிடக் கூடுதலாக இருந்தாலன்றிக் கடனில் சேமிக்க வேண்டாம்; சொந்தப் பணத்தில் இரண்டு மாதச் சரக்கு வைத்தால் போதும்.

ஒவ்வொரு மூட்டையிலும் வழங்குநர், திகதி, ஈரப்பதம் ஆகியவற்றை எழுதித் தாளிலும் அதே எண்ணைக் குறியுங்கள். பழையது முதலில் வெளியேற வேண்டும்.

7. லேபல்

சேர்மானம் மாறினால் லேபலும் மாற வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி எண், உற்பத்தியாளர் முகவரி, உச்ச சில்லறை விலை ஆகியவற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிடுவதே பாதுகாப்பானது. கச்சானும் எள்ளும் ஒவ்வாமை தருபவை என்பதால் தனியே தெரியும்படி குறியுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள். பெருந்தொகையாக அச்சிட்ட பிறகு பிழை கண்டு, ஒட்டுத் தாளால் மூடிய பைக்கற்றுகளைக் கடைகள் திருப்பி அனுப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

8. பணம் பெறும் வழி

2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகு, கியூஆர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் பொதுக் கியூஆர் முறையான லங்கா கியூஆரில் வணிகருக்கான குறியீட்டை உங்கள் வங்கியில் கேட்டுப் பெறுங்கள். கட்டணம் எவ்வளவு, பணம் எப்போது கணக்கில் விழும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். 2024 பெப்ரவரி முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் தங்கள் யூபிஐ செயலியால் இலங்கையில் செலுத்த முடிகிறது. நல்லூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் கியூஆர் அதை ஏற்குமா என்று வங்கியிடம் உறுதிசெய்துகொள்வது பயன் தரும்.

வங்கி மாற்றத்தைக் காட்டும் கைப்பேசித் திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷொட்) மட்டும் பார்த்துச் சரக்கை அனுப்பாதீர்கள். அதைப் போலியாகச் செய்வது எளிது. உடனடி மாற்றம் சில நொடிகளில் சேர்ந்துவிடுவதால், உங்கள் கணக்கில் பணம் தெரிந்த பின்னர் அனுப்பினாலும் தாமதம் இராது. கடையில் ஒட்டிய கியூஆர் தாள் உங்களுடையதுதானா என்பதையும் காலையில் ஒருமுறை சிறு தொகை செலுத்திச் சரிபாருங்கள். மேலே வேறொன்றை ஒட்டுவது கேள்விப்படாத திருட்டு அல்ல.

ஒவ்வொரு மாலையும் கட்டளைப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட வேண்டும். வார இறுதியில் பார்க்கலாம் என்று விட்டால், பெயரில்லாமல் வந்த தொகைகள் யாருடையவை என்பது மறந்துபோகும்.

9. கடைசியில் விற்பனை

வட்ஸ்அப் பிஸ்னஸில் பொருட்பட்டியலை ஏற்றுங்கள். ஐந்து பொருள்கள் போதும். அடக்கவிலைத் தாளில் நல்ல மிச்சம் காட்டும் பொருள்களே அந்த ஐந்தும். விலைப்பட்டியலின் அடியில் ‘இந்த விலை இன்ன திகதி வரை’ என்று எழுதுங்கள். விலை ஏறும் காலத்தில் இந்த ஒரு வரி இல்லாததால் பழைய விலைக்கே கட்டளையை நிறைவேற்ற வேண்டிய நிலை வருகிறது.

முதலில் முற்கட்டளைக்கு மட்டும் விற்கப் பாருங்கள். புதன் இரவு வரை கட்டளை எடுத்து, வெள்ளி உற்பத்தி செய்து, சனி அனுப்பினால், தேங்கும் சரக்கும் இல்லை, எரிவாயுச் செலவும் ஒரே நாளோடு நிற்கிறது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழாக் காலங்களுக்கு மூன்று வாரம் முன்னரே பட்டியலைத் திறக்கலாம்.

கூரியரில் பொருள் சேர்ந்த பின் பணம் பெறும் முறை வாடிக்கையாளருக்கு விருப்பமானது. ஆனால் அந்தப் பணம் உங்களிடம் வந்துசேரச் சில நாள்கள் பிடிக்கும். மறுக்கப்பட்ட பொதியின் செலவும் உங்கள் தலையில் விழும். அடக்கவிலைத் தாளில் இதற்கென ஒரு வரி சேர்க்காமல் இந்த முறையை ஏற்க வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் வடக்கின் தின்பண்டங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். கடல் கடந்து அனுப்புவதற்கு ஒவ்வொரு நாட்டின் உணவு இறக்குமதி விதியையும் பார்க்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் அவர்கள் பணம் செலுத்தி, இங்குள்ள தாய் தந்தையர் வீட்டுக்கு நீங்கள் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் கட்டளைகளை மட்டும் எடுங்கள். கொடுத்ததும் படமெடுத்து அனுப்பினால் அடுத்த கட்டளை தானாக வரும். படம் எடுக்குமுன் அந்த வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது

மாத முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, அடக்கவிலைத் தாளின் எல்லா விலைகளையும் புதிய பற்றுச்சீட்டுகளால் மாற்றுங்கள். டொலரோடு அசையும் செலவின் பங்கு கடந்த மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். கூடியிருந்தால் எந்த வரியால் கூடியது என்பதைக் கண்டு, அந்த ஒரு மூலப்பொருளை மட்டும் நான்காம் படிக்கு மீண்டும் கொண்டுசெல்லுங்கள்.

மிச்சம் தராத பொருளை உடனே நிறுத்திவிடாமல், விலையைத் திருத்தி இரண்டு மாதம் பார்க்கலாம். அப்போதும் தேறவில்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதற்கென உடன்பட்ட வழங்குநருக்கு அடுத்த விதைப்புக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.